திறந்த கணினிக்கும் காவல் வேண்டும்

அருப்புக்கோட்டை

அன்பு மகளுக்கு,

திருச்சுழி வீட்டில் பல நாள் மூடிக்கிடந்த மேசைக்கணினியில் நீயே உபுண்டு லினக்ஸை நிறுவி, கல்லூரிப் பாடங்களையும் உன் அப்பாவின் தறிக்கணக்கையும் அதிலேயே எழுதி வருகிறாய் என்று படித்து மகிழ்ந்தேன். ஆயினும், "லினக்ஸுக்கு வைரஸே வராது பெரியப்பா, இனிக் கவலையில்லை" என்று கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருக்கும் வாக்கியம் எனக்குக் கவலையைத் தந்தது. அதன் பொருட்டே இந்த நீண்ட பதில்.

உன் நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லமாட்டேன். நம் ஊர்க் கண்மாயில் எவரும் குளிக்கலாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம், ஆனால் மடையைத் திறக்கும் உரிமை நீர்ப்பாய்ச்சி ஒருவருக்கே உண்டு என்று முன்னோர் வகுத்திருந்தது போலவே, லினக்ஸிலும் சாதாரணப் பயனரின் பெயரால் ஓடும் நிரல் எதுவும் இயங்குதளத்தின் அடிப்படைக் கோப்புகளை மாற்ற இயலாதபடி, அந்த அதிகாரம் 'ரூட்' என்னும் ஒரு கணக்குக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சிறந்த ஏற்பாடுதான். ஆனால் உன் புகைப்படங்களும், அப்பாவின் கணக்குகளும், பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளும் உன் பெயரிலேயே இருப்பவை. உன் பெயரால் ஓடும் ஒரு தீய நிரல் ரூட்டிடம் அனுமதி கேளாமலே அவற்றைப் படித்து வெளியே அனுப்பிவிடலாம். ஆகவே கேள்வி லினக்ஸ் வலிமையானதா என்பதன்று. உன் பெயரால் எதை ஓட நீ அனுமதிக்கிறாய் என்பதே.

நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸை அரசு அலுவலகங்கள் பலவற்றில் உபயோகிக்கிறார்கள். அதைப் பயன்படுத்துவோரைக் குறிவைத்து, ஏபிடி 36 என்று ஆராய்ச்சியாளர் பெயரிட்டிருக்கும் உளவுக்குழு மின்னஞ்சல் அனுப்பிவந்த விவரம் 2025 ஆகஸ்டில் வெளியாயிற்று. அஞ்சலோடு வந்த ஜிப் கோப்பின் உள்ளே கூட்ட அறிவிப்புப் பிடிஎஃப் போலத் தோன்றிய ஒன்று, உண்மையில் கட்டளைகளை இயக்கும் '.டெஸ்க்டாப்' கோப்பு. அதைத் திறந்தவரின் கண்முன் ஒரு ஆவணம் விரிந்துகொண்டிருக்க, பின்னால் உளவு நிரல் இறங்கி, ஒவ்வொரு முறை கணினியில் நுழையும்போதும் தானே ஓடத் தக்கவாறு தன்னைப் பதிந்துகொண்டது. எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை என்பதைக் கவனி; கோப்பைத் திறந்தவரின் கைதான் அதற்கு அனுமதி அளித்தது. எதிர்பாராது வரும் கோப்பின் சின்னத்தைப் பார்த்து நம்பாதே. அதன் முழுப்பெயரையும் வகையையும் 'பண்புகள்' பகுதியில் பார்த்த பிறகே திற.

மென்பொருள்களையும் உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே எடுத்துக்கொள். அங்கிருந்து வரும் பொதிகளைக் களஞ்சியத்தின் டிஜிட்டல் கையொப்பத்தைக் கொண்டு கணினியே சரிபார்க்கிறது. ரூட் அதிகாரத்தோடு ஓடும் 'சூடோ' கட்டளையை எங்கோ கண்டு டெர்மினலில் அப்படியே ஒட்டுபவருக்கு அந்தக் காப்பு இல்லை. களஞ்சியமும் மனிதர்களால் ஆனதே என்பதையும் நீ அறிந்திருக்க வேண்டும். ஜியா டான் என்னும் பெயரில் இயங்கிய ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உழைத்து நம்பிக்கையைச் சம்பாதித்து, எக்ஸ்இஸட் என்ற சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியக் கதவு ஒன்றைப் பொருத்திவிட்டார். உள்நுழைவு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி தாமதமாவதைக் கண்டு, அந்த அற்பத் தாமதத்தையும் அலட்சியம் செய்யாமல் காரணம் தேடிய ஆந்திரஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர், 2024 மார்ச் 29 அன்று அதை உலகுக்கு அறிவித்தார். மூலநிரல் எவரும் காணத் திறந்திருந்ததால்தான் அவரால் அதன் வேர்வரை செல்ல முடிந்தது. டெபியனின் சோதனைப் பதிப்புகளில் நுழைந்துவிட்ட அந்த நிரல் நிலைப் பதிப்பை எட்டவில்லை. எனவே புதுமைக்கு ஆசைப்பட்டுச் சோதனைப் பதிப்புகளுக்குத் தாவாமல், ஐந்தாண்டுப் பராமரிப்புள்ள எல்டிஎஸ் பதிப்பிலேயே இரு. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தாமே இறங்கட்டும்.

இனிப் பென் டிரைவ் விஷயம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விண்ணப்பமோ திட்ட அறிக்கையோ அச்செடுக்க நம் பிள்ளைகள் எல்லோரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகிறார்கள். நாள் முழுதும் எத்தனையோ பேரின் பென் டிரைவுகள் ஏறியிறங்கும் கணினியிலிருந்து, கோப்புறைகளையெல்லாம் ஷார்ட்கட்டுகளாக மாற்றும் வைரஸ் ஒட்டிக்கொண்டு வருவது சாதாரணம். அது விண்டோஸுக்காக எழுதப்பட்டதாதலின் உன் கணினியில் ஓடாது. ஆனாலும் உன் கை வழியாகத் தோழியின் கணினிக்குப் போய்விடும் என்பதால், கிளாம்ஏவி என்னும் வைரஸ் சோதனை நிரலால் ஒருமுறை சோதித்துத் துடைத்துவிடு. ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்தைத் தாக்கி 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல் யூஎஸ்பி வழியாகப் பரவியதே. அது மிகுதியாகத் தொற்றிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இதனினும் நுட்பமான அபாயம், பென் டிரைவ் பென் டிரைவாகவே இல்லாமல் இருப்பது. கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்னும் இருவர் 2014இல் மெய்ப்பித்துக் காட்டியபடி, அதன் உள்ளிருக்கும் சிறு சில்லின் நிரலை மாற்றி எழுதினால், செருகியவுடன் அது தன்னைக் கீபோர்டு என்று அறிவித்துக்கொண்டு, நீ தட்டுவது போலவே கட்டளைகளைத் தட்டத் தொடங்கும். கோப்புகளை மட்டும் ஆராயும் வைரஸ் சோதனைக்கு அது அகப்படுவதில்லை. இதற்கு லினக்ஸில் யூஎஸ்பிகார்டு என்னும் காவல் நிரல் இருக்கிறது. உன் கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் யாவும் இணைந்திருக்கும் நிலையில் முதலில் அனுமதிப் பட்டியலை உருவாக்கிச் சேமித்துக்கொண்டு, அதன் பிறகே காவலைத் தொடங்க வேண்டும். வரிசை மாறினால் உன் கீபோர்டே தடுக்கப்பட்டு நீ வெளியே நிற்க நேரும். பிறகு புதிதாகச் செருகப்படும் எந்தச் சாதனமும் நீ ஒப்புதல் தரும்வரை செயலற்றிருக்கும். ஒப்புதல் தருமுன் அது தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறது என்று பார். பென் டிரைவ் ஒன்று கீபோர்டு என்று சொல்லிக்கொண்டால் கழற்றி எறிந்துவிடு.

யூஎஃப்டபிள்யூ என்னும் தீச்சுவர் உபுண்டுவுடன் வந்தாலும் உறங்கும் நிலையில்தான் வருகிறது. ஒரே கட்டளையில் எழுப்பிவிடு. உள்நுழையும் திரையில் தேர்வு இருந்தால், சாளரங்களைத் திரையில் காட்டும் அமைப்பாக வேலண்டைத் தேர்ந்தெடு. பழைய எக்ஸ்11இல் ஒரு நிரல் மற்றொன்றில் நீ தட்டும் எழுத்துக்களைக் கேட்க முடியும்.

உன் தம்பி விளையாடவும் இணையத்தில் உலவவும் தனிப் பயனர் கணக்கு ஒன்றை அவசியம் ஏற்படுத்து. அதற்குச் சூடோ அதிகாரம் கொடாதே. இப்படிப் பிரித்துவைப்பதன் மதிப்பை, நமக்குத் தெற்கே கூடங்குளத்தில் நடந்த சம்பவம் நன்கு உணர்த்துகிறது. நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. அந்தக் கணினி உலைகளை இயக்கும் அமைப்போடு தொடர்பின்றித் தனித்திருந்ததால் அவை பாதிக்கப்படவில்லை என்றும் தெரிவித்தது.

இத்தனைக்குப் பிறகும் எந்தக் காவலும் பூரணமானதன்று. வட்டு பழுதாகலாம், மின்னல் தாக்கலாம். அப்பாவின் தறிக்கணக்குக்கு இன்று அந்த ஒரு வட்டைத் தவிர வேறு இருப்பிடம் இல்லை என்று நினைக்கிறேன். ஆதலால் இந்த ஞாயிற்றுக்கிழமை, மேலே சொன்ன எதையும் தொடங்குமுன், ஒரு வெளி வட்டில் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பெரியப்பா