குளிர்காய்ச்சல் கிருமியின் கமுக்கத் தபால்



நம் உடம்பிலுள்ள கோடானுகோடி உயிரணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. வாயில்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். லயத்தில் ஒரு வீட்டுக் கறியைக் கிண்ணத்தில் ஊற்றி மூடிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோமில்லையா, அந்த மாதிரிதான். உயிரணு தன் சவ்விலேயே ஒரு குட்டிக் குமிழி செய்து, உள்ளே சரக்கை வைத்து வெளியே விடுகிறது. அது ரத்தத்தில் மிதந்துபோய் இன்னோர் அணுவிடம் சேரும். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே அதன் அளவு. தோட்ட ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்பில் தெரியாது.

1983-இல் கனடாவில் ரோஸ் ஜான்ஸ்டோன் அம்மையார் குழுவும், அமெரிக்காவில் இன்னொரு குழுவும் இதை இளம் சிவப்பணுக்களில் கண்டார்கள். முதிரும் சிவப்பணு, இனி வேண்டாத பொருளைக் குமிழியில் கட்டி வெளியே தள்ளுகிறது. குப்பைதானே என்று பலர் ரொம்ப நாள் விட்டுவிட்டார்கள். 2007-இல் சுவீடனில், குமிழிக்குள் ஆர்.என்.ஏ. இருப்பதையும், அது போய்ச் சேர்ந்த அணுவில் வேலை செய்வதையும் காட்டினார்கள். ஆர்.என்.ஏ. என்பது அணுவுக்கு எழுதிய வேலைச்சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையணுக்கள் கிருமி வந்த சேதியை இப்படியும் அனுப்புகின்றன. புற்றுநோய் அணுக்களும் தாங்கள் பரவுவதற்கு இதே வழியைப் பயன்படுத்துகின்றன.

நமக்கு நெருக்கமான கதை மலேரியா. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டம் தோட்டமாக ஆட்களை வாரிக்கொண்டு போன காய்ச்சல் அது. ஒரு சிவப்பணுவுக்குள் குடியேறிய கிருமி, வேறு சிவப்பணுவில் இருக்கும் தன் இனத்துக்குக் குமிழி வழியே சேதி அனுப்புகிறது என்று 2013-இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் கண்டார்கள். மருந்துக்குச் சாகாத தன்மையைத் தரும் மரபணுவே இப்படிக் கைமாறியதை ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள். இன்னொன்றும் தெரிந்தது. சேதி பெற்ற கிருமிகள், கொசு உறிஞ்சினால் அடுத்த ஆளுக்குப் போகத் தோதான ஆண், பெண் வடிவமாக மாறின. கெட்டிக்காரக் கிருமிதான்! காய்ச்சல் விட்டதும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

‘மலேரியாதான் ஒழிஞ்சுபோச்சே’ என்கிறவர்களும் உண்டு. மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018-இல் இந்த நாட்டுக்குள்ளேயே தொற்றியதாக ஒன்றுகூட இல்லை, உண்மை. ஆனால் குரங்கு மலேரியா இருக்கிறது. சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங் குழுவினர் 208 மலேரியா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, 120 பேருக்கு ‘நோலேசி’ என்ற குரங்குக் கிருமி இருந்ததாக 2004-இல் வெளியிட்டார்கள். மைக்ராஸ்கோப்பில் அது சாதுவான வேறொரு மலேரியாக் கிருமி மாதிரியே தெரியும். அந்தச் சாது பெருக மூன்று நாள் எடுக்கும். இது 24 மணி நேரத்துக்கு ஒரு தரம் பெருகும். தாமதித்தால் ஆளையே கொல்லும்.

தண்ணீர்மலைக் குரங்கைக் கண்டு யாரும் ஓட வேண்டியதில்லை. குரங்கு கடித்து இது வராது. காட்டுக் கொசு கடித்துத்தான் வரும். காட்டோர நெரையில் பால் வெட்டுகிறவர்களும் செம்பனைக் குலை அறுக்கிறவர்களும் கவனிக்க வேண்டும். குளிரும் காய்ச்சலும் வந்தால் பெனடோல் போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போகாதீர்கள். அன்றைக்கே ரத்தம் கொடுங்கள். எந்த நெரையில் வேலை, பக்கத்தில் குரங்குக் கூட்டம் உண்டா என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். முதல் சோதனையில் ஒன்றும் தெரியாமல் காய்ச்சல் நீடித்தால், மறுநாளும் வந்து கையை நீட்டுங்கள்.