கடலூர், சிதம்பரம்: புயல்காலத் தயாரிப்பு – முக்கியக் குறிப்புகள்

● காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் புயலுக்குப் பெயர். வட இந்தியப் பெருங்கடலுக்கான 2020 பட்டியல்: 13 நாடுகள், 169 பெயர்கள்.

● தானே (பெயர் தந்தது: மியான்மர்): 2011 டிசம்பர் 30, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது.

● புரெவி (மாலத்தீவு), 2020 டிசம்பர்: ராமநாதபுரம் அருகே கடலிலேயே வலுவிழந்தது. ஆனாலும் சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் மழைநீர் தேங்கியது.

● ஃபெஞ்சல் (சவுதி அரேபியா): 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. தானே அளவுக்குக் காற்று இல்லை. டிசம்பர் 2-ல் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறக்கப்பட, தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தது. புயல் போய்விட்டது என்று மூட்டையைப் பிரிக்குமுன் அணைச் செய்தியையும் கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து கற்ற பாடம்.

● எச்சரிக்கை நிலைகள்: 72 மணி நேரத்துக்கு முன் முதல் அறிவிப்பு, 48-ல் மஞ்சள், 24-ல் ஆரஞ்சு. துறைமுகத்தில் 11-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்றால் தகவல்தொடர்பு அறுந்தது என்று பொருள். புயலின் வலிமை அல்ல.

● மஞ்சள் வந்ததுமே மாடித் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. காலித் தொட்டி காற்றில் பறக்கும்.

● பூச்சிமருந்து, மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில், பெயின்ட் டப்பா எல்லாம் பரணுக்கு. ரேஷன் கார்டை எல்லோரும் பத்திரப்படுத்துவார்கள். தரையில் கிடக்கும் பூச்சிமருந்தை மறந்துவிடுவார்கள். வெள்ளம் வந்தால் அது தெருக் கிணறு வரை போகும்.

● வெள்ளத்தில் மூழ்கிய அடிபம்பில் செப்டிக் டேங்க் கழிவும் கலந்திருக்கலாம். குளோரின் போடும்வரை குடிக்கக் கூடாது.

● வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல்: 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

● எலிக்காய்ச்சல்: லெப்டோஸ்பைரா பாக்டீரியா; எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருந்து கால் புண் வழியே நுழையும். டெங்கு: ஏடிஸ் கொசு; கொட்டாங்குச்சி, பழைய டயரில் தேங்கும் நல்ல தண்ணீரே போதும்.

● ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

● விழுந்த தென்னை மட்டையோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொளுத்துவது இங்கே வழக்கம். மட்டை மட்கும், பிளாஸ்டிக் புகை நச்சு. பிரித்துப் போட வேண்டும்.

● பிச்சாவரம்: ராம்சர் தளம், 2022. சுரபுன்னை, கண்டல் காடு. 2004 சுனாமியில் இக்காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு.

● பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, ஆம்புலன்ஸ் 108.