சேலை விற்ற பணத்துக்கு ஏன் ‘அலர்ட்’?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே சேலை வியாபாரம் செய்கிறேன். வாங்குபவர்கள் ஜிபே-யில் அனுப்பும் பணம் என் சேமிப்புக் கணக்கில் விழும். தீபாவளி முடிந்ததும் வங்கியிலிருந்து கூப்பிட்டு, “சிஸ்டத்துல அலர்ட் வந்திருக்கு, விளக்கம் கொடுங்க” என்றார்கள். யாரும் புகார் தராதபோது கம்ப்யூட்டர் எப்படி என்னைச் சந்தேகப்படலாம்? கணக்கை முடக்கிவிடுவார்களா?
- வாசகி, ஈரோடு

பதில்: கணக்குத் தொடங்கியபோது ‘தொழில்’ என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள், நினைவிருக்கிறதா? ‘இல்லத்தரசி’ என்றும், வருமானம் சொற்பம் என்றும் எழுதியிருந்தால் சிக்கல் அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

வாடிக்கையாளர் சொன்ன விவரத்துக்குப் பொருந்தாத வரவு செலவு நடந்தால் எச்சரிக்கும் மென்பொருளை வங்கிகள் வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதி. அந்த மென்பொருளுக்கு உங்கள் வியாபாரம் தெரியாது. பல பேரிடமிருந்து சிறு தொகைகள் வருகின்றன, சேர்ந்த பணம் மொத்தமாக வெளியே போகிறது. அதற்குத் தெரிவது இவ்வளவுதான். மோசடிக்காரர்கள் வாடகைக்குப் பிடிக்கும் கணக்குகளும் ஏறக்குறைய இப்படியே இயங்கும். மாறாத விதிகளை மட்டும் வைத்துத் தேடினால் நேர்மையானவர்களும் இப்படி நிறையச் சிக்குகிறார்கள் என்பதை ரிசர்வ் வங்கியே ஒப்புக்கொண்டது. அந்த வாடகைக் கணக்குகளைக் கண்டறிய அதன் புத்தாக்க மையம் பெங்களூருவில் உருவாக்கிய ‘மியூல்ஹன்டர்’ என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை 2024 டிசம்பரில் அறிவித்ததும் அதனால்தான்.

அலர்ட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் வங்கி அதிகாரி. உங்கள் விளக்கம் அவருக்குத் திருப்தி தராவிட்டால் மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவுக்கு அறிக்கை போகும். போனதை உங்களிடம் சொல்லவும் கூடாது. ஆனால் அப்படி அறிக்கை அனுப்பிய காரணத்துக்காக மட்டும் கணக்கில் எந்தக் கட்டுப்பாடும் விதிக்கக் கூடாது என்று அதே கேஒய்சி விதிகள் சொல்கின்றன. இது வாடிக்கையாளர் பலருக்குத் தெரியாமலே இருப்பது எனக்கு வருத்தம். போலீஸ் உத்தரவின் பேரில் முடக்குவது வேறு விஷயம்.

கொள்முதல் பில், வாட்ஸ்அப் ஆர்டர்கள், கூரியர் ரசீதுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். விளக்கத்தை எழுதிக் கொடுத்து, நகலில் வங்கி முத்திரை வாங்குங்கள். அன்றைக்கே தொழில், வருமான விவரங்களைத் திருத்திவிட்டு, வியாபாரத்துக்கென நடப்புக் கணக்கு ஒன்றும் தொடங்குங்கள். பழைய விவரத்தை அப்படியே விட்டால் பொங்கல் விற்பனையின்போது திரும்பவும் கூப்பிடுவார்கள்.

காரணம் சொல்லாமல் பணத்தை நிறுத்தினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழிகாட்டுதலுக்கு 14448-ஐ அழையுங்கள்.