கரையை உயர்த்தினால் போதுமா?

சங்க அன்பர்கள் பலர் சியால்தாவிலிருந்து கானிங் லோக்கலில் போயிருப்பீர்கள். சுந்தரவனத்துக்குப் படகு பிடிக்க அதுதான் வழி. மாத்லா ஆற்றங்கரையில் கல்கத்தாவுக்கு மாற்றாக ஒரு துறைமுகம் வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் 1862-63-ல் போட்ட பாதை அது. அந்த இடம் புயலுக்குத் தாங்காது என்று ஹென்றி பிடிங்டன் 1853-லேயே கவர்னர் ஜெனரலுக்கு எழுதினார். ('சைக்ளோன்' என்ற சொல்லே அவர் கொடுத்ததுதான்.) யாரும் கேட்கவில்லை. 1867 புயலில் துறைமுகம் சிதைந்தது. ரயில் மட்டும் இன்றும் ஓடுகிறது.

இப்போது புயலோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1901-லிருந்து 2018-க்குள் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்துவிட்டது. 2006-க்குப் பிறகு வேகம் கூடி, ஆண்டுக்கு 3.7 மி.மீ. ஆயிற்று. ஏன்? வெயிலில் தண்டவாளம் நீளும் என்று ஜாயிண்டில் இடைவெளி விடுவோம். கடல்நீரும் சூடேறினால் விரியும்; அதற்கு இடைவெளி விட இடமேது? மேலேதான் எழும்ப வேண்டும். இதோடு, நிலத்தின்மேல் உறைந்திருக்கும் பனியும் உருகிக் கடலில் சேர்கிறது. (மிதக்கும் பனி உருகினால் மட்டம் அவ்வளவாக மாறாது. டம்ளரில் ஐஸ் போட்டுப் பாருங்கள்.)

20 செ.மீ. என்பது ஒரு சாண்கூட இல்லையே எனலாம். ஆனால் சுந்தரவனம் வண்டல் மண். வண்டல் தன் கனத்தாலேயே அமுங்கும். முன்பு ஓதம் ஏறும்போதெல்லாம் புது வண்டல் படிந்து அந்தத் தாழ்வை ஈடுகட்டியது. தீவுகளைச் சுற்றிக் கரை கட்டி நெல் விதைத்த பிறகு வண்டலுக்கு உள்ளே வழியில்லை, ஆற்றிலேயே படிகிறது. அதனால் இன்று பல ஊர்கள் ஓதம் ஏறும்போது ஆற்றுநீர் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. இந்தியப் பகுதியில் மட்டும் இப்படிச் சுமார் 3,500 கி.மீ. கரை. பெரும்பாலும் வெறும் மண். மேலே நீர் வழிந்துதான் உடையும் என்றில்லை. ஆறு அடியை அரிக்கும், நண்டு வளை வழியே கசியும் நீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும்.

கங்காசாகர் போனவர்களுக்குப் பக்கத்துக் கோராமாரா தீவு தெரிந்திருக்கும். பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அங்கிருந்த குடும்பங்கள் பலவற்றைச் சாகர்த் தீவில் குடியமர்த்தினார்கள். சாகரின் கடலோரமும் அரிபட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்மணி கோசாபா பக்கம். 2009 மே 25 அன்று ஐலா புயலில் கரை உடைந்து வயலில் உப்புநீர் புகுந்தது. மூன்று வருடம் நெல் விளையவில்லை. கணவர் கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போனார். இவர் கானிங்கில் குடியேறி விடியற்கால லோக்கலில் வருகிறார். ஒருநாள் கேட்டார்: "மேசோ, நீங்கள் இஞ்சினியர் ஆயிற்றே. கரையை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்தினால் நாங்கள் ஊர் திரும்பலாமா?"

காகிதம் எடுத்து வரைந்து காட்டினேன். 1-க்கு 3 சரிவு வைத்தால், ஒரு மீட்டர் உயர்த்த அடி அகலம் 6 மீட்டர் கூட வேண்டும். ஆற்றுப்பக்கம் இடமில்லை, அத்தனையும் வயல்பக்கம்தான். கரையோரம் அவர் வயல் 60 மீட்டர் நீளம். கால் பிகாவுக்கும் மேல் போய்விடும்.

அவர்களுக்கு இருப்பதே ஒரு பிகா. காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.