ஸ்கேன் எடுத்துவிட்டுக் காத்திருக்கும் நாட்கள்

கடனாக அனுப்பிய சரக்குக்குப் பணம் வந்து சேரும்வரை உறக்கம் கொள்ளாத வியாபாரிகளை நாம் அறிவோம். எனினும் அந்தக் கவலைக்குக் கணக்குப் புத்தகம் உண்டு. போவது எவ்வளவு, மிஞ்சுவது எவ்வளவு என்று எழுதிப் பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவருக்கோ ஏடும் இல்லை, எண்ணும் இல்லை. நம்மவரில் பலர் இதனைத் தனியே சுமப்பதைக் கண்டே இவ்விஷயத்தை இங்கு எடுத்துக்கொண்டோம்.

பினாங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், வயது 58. இரண்டு மாதமாக இருமல் விடவில்லை. டாக்டர் மார்புக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். டாக்டரைப் பார்க்கக் குறித்த நாளுக்கு முன்பே ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. இரவு கடை அடைத்தபின் கல்லாவில் உட்கார்ந்து தனியே பிரித்தார். வலது நுரையீரலில் 5 மில்லிமீட்டர் 'நாட்யூல்' என்றிருந்தது. கைப்பேசியில் அச்சொல்லைத் தேடினார், புற்றுநோய் என்ற சொல் கண்ணில் பட்டது, அதற்குமேல் படிக்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. மறுநாள், நோன்பு மாத வியாபாரத்துக்கென்று சொல்லி வைத்திருந்த பேரீச்சம்பழத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார். கடைப் பையன்கள்மீது எரிந்து விழுந்தார். "அத்தாவுக்கு என்னமோ ஆயிடுச்சு, நீங்க வந்து கேளுங்க மாமா" என்று மகன் வந்து அழைத்த பிறகே விஷயம் வெளிப்பட்டது.

டாக்டர் என்ன சொன்னார்? நாட்யூல் என்பது சிறு முடிச்சு. பழைய சளிக்காய்ச்சலோ காசநோயோ விட்டுச்சென்ற தழும்பும் அப்படித் தெரியும். நண்பர் புகை பிடிக்காதவர்; வேறு அபாயக் குறியும் இல்லை. அத்தகையோருக்கு 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஒற்றை முடிச்சுக்கு வழக்கமாக மறு ஸ்கேன்கூடத் தேவையில்லை என்று ஃப்ளெய்ஷ்னர் சங்க வல்லுநர்கள் 2017-ல் வகுத்திருக்கிறார்கள். இருமலுக்குக் காரணம் வயிற்றுப் புளிப்பு மேலேறுவதே. பேரீச்சம்பழத்தை அந்த ஆண்டு எதிர்க்கடைக்காரர் விற்றார்.

இங்கே கவனிக்க வேண்டியது, ரிப்போர்ட் என்பது யாருக்கு எழுதப்படுகிறது என்பதாகும். படங்களைப் பார்ப்பவர் ரேடியாலஜிஸ்ட். மார்பு ஸ்கேன் ஒன்றில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கலாம். கண்ணில் பட்ட சிறியது பெரியது எல்லாவற்றையும் அவர் குறித்தாக வேண்டும். அது நம் டாக்டருக்கு அவர் எழுதும் கடிதமேயன்றி நமக்கு எழுதிய தீர்ப்பு அன்று. அதிலுள்ள சொற்களும் கடைத்தெருப் பொருளில் வருவதில்லை. 'நெகட்டிவ்' என்றால், தேடியது காணப்படவில்லை என்பது. 'லீஷன்' என்றால் மாறுபட்டுத் தெரியும் இடம், அவ்வளவே. மார்பகப் படத்தில் 'பைராட்ஸ் 0' என்று கண்டு பதறிய சகோதரிகள் உண்டு. இன்னும் படம் எடுத்தால்தான் சொல்ல முடியும் என்பதே அதன் பொருள். முடிவு தாமதமானால் கெட்ட செய்தி என்று கொள்வதும் தவறு. பழைய படங்களோடு ஒப்பிடுவதற்கும் நாள் பிடிக்கும். வேறிடத்தில் எடுத்த படங்கள் இருப்பின் அவற்றை நாமே கொண்டுபோய்க் கொடுத்தல் நலம்.

ஆதலின் ஸ்கேன் எடுக்கும் அன்றே, முடிவு எப்போது வரும், யார் சொல்வார், அந்நாள் கடந்தால் யாரைக் கேட்பது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ரிப்போர்ட் முன்னதாக வந்தாலும் இரவில் தனியே பிரிக்க வேண்டாம். காத்திருக்கும் நாட்களில் கடையைத் திறந்து வைப்பது நல்லது. ஆனால் கடையை விற்பது, பங்கு பிரிப்பது போன்ற முடிவுகள் அந்த நாட்களில் வேண்டா. மனைவியிடம் மறைப்பதையும் நாம் ஒப்புக்கொள்ளோம். கணவர் சாப்பாட்டைத் தொடாமல் எழுவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். காரணம் தெரியாததால் அவர் நினைத்துக்கொள்வது இன்னும் பெரிதாயிருக்கும். உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் அதனையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எல்லா முடிவும் நல்லதாக வருமென்று நாம் சொல்லவில்லை. சிங்கப்பூரில் துணிக்கடை வைத்திருந்த மற்றொரு நண்பருக்குக் குடலில் புற்றுநோய் என்றே வந்தது. அவர் மைத்துனரை உடன் அழைத்துச் சென்றிருந்தார். செய்தி கேட்டபின் டாக்டர் சொன்னது எதுவும் தம் காதில் ஏறவில்லை என்று பின்னர் சொன்னார். மைத்துனர் நோட்டில் எழுதி வந்திருந்தார். செலவைப் பற்றி அவர் வாய் திறக்கக் கூசினார். முதலாளியாக இருந்தவர் உதவி கேட்பதா என்ற எண்ணம். ஆஸ்பத்திரியின் மருத்துவ சமூக சேவகரே அதைப் பேசி முடித்தார். இவர்களைச் சந்திக்க வேண்டுமென்று டாக்டரிடமோ நர்ஸிடமோ சொன்னால் போதும். மலேசியாவின் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இவர்கள் உண்டு. 1964-ல் தோன்றிய சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கமும், 1966-ல் தோன்றிய மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கமும் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஆதரவளித்து வருகின்றன.

அதே நோயைக் கடந்து வந்தவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு நண்பர் முதலில் போக மறுத்தார். போனபின், மூன்று மாதத்துக்கொரு ஸ்கேன் நெருங்கும்போது வயிறு கலங்குவது தமக்கு மட்டுமல்ல என்று அறிந்தார். அங்கு அறிமுகமான சீனப் பெரியவர் ஒருவர், ஸ்கேன் நாளன்று காலையில் தவறாமல் அவருக்குப் போன் செய்வார். இருவரும் உடைந்த மலாயில் விலைவாசி பேசிக்கொண்டிருப்பார்கள். ஸ்கேன் பேச்சு கடைசியில்தான் வரும்.