பாலிஷ் போடுறதுக்கு முன்னால அளந்து பாருங்க

கார் டீட்டெய்லிங் தொழில்ல இறங்கணும்னு நம்ம பசங்க நிறைய பேருக்கு ஆசை. நல்ல விஷயம்தான். ஆனால் பாலிஷ் மெஷின் வாங்குமுன் ஒரு பாடத்தை மனசுல பதிய வச்சுக்குங்க: பெயிண்டைத் திருத்துவது என்றால் பெயிண்டைக் குறைப்பது.

எப்படி? காரின் இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், கடைசியாகக் கிளியர் கோட் என்று நான்கு அடுக்கு இருக்கும். எல்லாம் சேர்த்தாலே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். 1 மில்லிமீட்டருக்கு 1,000 மைக்ரான். அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 40, 50 மைக்ரான். நம்ம தலைமுடியைவிட மெல்லிசு!

வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரியும் கோடுகள் இந்தக் கிளியர் கோட்டில் விழுந்த கீறல்கள். காம்பவுண்ட் அவற்றை அடைப்பதில்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள பரப்பைச் சீவி எடுக்கிறது. அளவுக்கு மீறிச் சீவினால், நம்ம ஊர் வெயிலில் கிளியர் கோட் வெளுத்து உரிந்துவிடும். அப்புறம் எந்தப் பாலிஷும் உதவாது, மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான்.

அதனால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்க:

1. கழுவுங்க. இரண்டு வாளி வேணும்: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலசத் தண்ணீர். பிறகு களிமண் கட்டியால் ஒட்டியிருக்கும் அழுக்கை எடுங்க. மணல் துகள் இருக்கும்போதே மெஷின் வைத்தால் புதுக் கீறல் விழும்.

2. அளங்க. தடிமன் மீட்டர் மொத்தப் பெயிண்டையும்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. ஒரு கதவு மட்டும் ரொம்ப அதிகமாகக் காட்டினால், அங்கே மறுபெயிண்டோ பட்டியோ இருக்கலாம். சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது.

3. சின்ன இடத்தில் சோதனை. மென்மையான பேட், மெல்லிய பாலிஷ், இதிலிருந்து தொடங்குங்க. போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி மேலே போங்க. ரோட்டரி மெஷின் ஒரே இடத்தில் சூட்டை ஏற்றும். புதியவர்களுக்கு டூயல் ஆக்ஷன் மெஷின்தான் பாதுகாப்பு. ஓரங்களில் பெயிண்ட் மெல்லிசா இருக்கும், டேப் ஒட்டிடுங்க.

4. ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்துப் பாருங்க. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துக் காட்டும். துடைத்த பிறகு தெரிவதுதான் உண்மையான பலன்.

5. கடைசியில் வேக்ஸ் அல்லது செராமிக் பூச்சு. கீறலை நீக்குவது இதன் வேலை இல்லை, பாதுகாப்பதுதான்.

நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறலா? முழுசா எடுக்க முயற்சிக்காதீங்க. "அண்ணே, இதைக் குறைக்கலாம், முழுசா எடுத்தா பெயிண்ட் போயிடும்" என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லுங்க. முன்னும் பின்னும் எடுத்த மைக்ரான் அளவைத் தாளில் எழுதிக் கொடுங்க. அடுத்த முறை காரைத் தொடுபவருக்கு அது உதவும்.

கற்றுக்கொள்ள ஊரார் காரைத் தொட வேண்டாம். பழைய இரும்புக் கடையில் ஒரு பானெட் வாங்குங்க. அதில் ஓர் ஓரத்தை வேணும்னே நிறம் தெரியும்வரை தேய்த்துப் பாருங்க. எவ்வளவு சீக்கிரம் போகுதுன்னு கை தெரிஞ்சுக்கும்.