கையில் வந்தது எவ்வளவு? கட்டியது எவ்வளவு?

எட்டாம் வகுப்பில் ‘வாழ்வியல் கணிதம்’ இயலை நடத்தும்போது சதவீதம், ஜி.எஸ்.டி., வட்டி மூன்றையும் தனித்தனிப் பயிற்சிகளாகவே முடித்துவந்தேன். மாணவர்களும் சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை கண்டுவிடுவார்கள். வாழ்க்கையில் இந்த மூன்றும் ஒரே தாளில் சேர்ந்து வரும் என்பதை எனக்குக் காட்டியது என் சொந்தக் கிரெடிட் கார்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. முன்பணம் கட்ட வேண்டும். சம்பளக் கணக்கில் இருப்பு இல்லை. கிரெடிட் கார்டை ஏ.டி.எம்.மில் செருகி 10,000 ரூபாய் எடுத்தேன். கடையில் பொருள் வாங்கினால் கெடு தேதி வரை வட்டி இல்லை. ரொக்கத்துக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். மறு மாதம் வந்த கணக்குத்தாளைப் பார்த்ததும்தான் உண்மை தெரிந்தது. ஆண்டுதோறும் வட்டிக் கணக்கு நடத்துகிற நான், அந்த இரவில் ஒரு நிமிடம்கூடக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அந்தத் தாளில் என் பெயரையும் அட்டை எண்ணையும் மறைத்துவிட்டு மூன்று பாடவேளைகளுக்கான பாடமாக்கினேன்.

முதல் பாடவேளை: ‘மூணு வட்டி’

“மூணு வட்டி என்றால் என்ன?” என்று கேட்டுத் தொடங்கினேன். “நூறு ரூபாய்க்கு மாசம் மூணு ரூபாய் சார்” என்று பல குரல்கள் எழுந்தன. அப்படியானால் ஆண்டுக்கு எத்தனை சதவீதம்? சிலர் மூன்று என்றார்கள். கரும்பலகையில் 3 × 12 = 36 என்று எழுதிய பிறகுதான் மாத வட்டிக்கும் ஆண்டு வட்டிக்கும் உள்ள வேறுபாடு பிடிபட்டது.

பிறகு என் அட்டையின் நிபந்தனைத் தாளில் இருந்ததை வாசித்தேன்: மாதம் 3.5 சதவீதம். “அப்போ மூன்றரை வட்டியா சார்? பேங்க்லயா?” என்று ஒரு மாணவி வியந்தாள். ஆண்டுக்கு 42 சதவீதம். ‘3.5%’ என்று அச்சில் பார்த்தபோது சிறியதாகத் தெரிந்த எண், ‘மூன்றரை வட்டி’ என்று ஊர்ப் பேச்சில் சொன்னதும் அவர்களுக்குப் பெரியதாகிவிட்டது.

இரண்டாம் பாடவேளை: எதில் சதவீதம்?

கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் என்னென்ன செலவு என்பதைப் பலகையில் எழுதினேன். வங்கிக்கு வங்கி இந்த எண்கள் மாறும். இவை என் அட்டைக்கு உரியவை.

1. பணம் எடுப்பதற்கான கட்டணம்: எடுத்த தொகையில் 2.5% அல்லது 500 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது.
2. வட்டி: மாதம் 3.5%. பணம் எடுத்த நாளிலிருந்தே தொடங்கும்.
3. ஜி.எஸ்.டி.: கட்டணத்தின் மீதும் வட்டியின் மீதும் 18%.

10,000 ரூபாய் எடுத்து ஒரு மாதம் கழித்துக் கட்டினால் கூடுதலாக எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். பாதி வகுப்பு 2.5 + 3.5 + 18 = 24 எனக் கூட்டி 2,400 ரூபாய் என்றது. இந்தத் தவறுதான் பாடத்தின் மையம். மூன்று சதவீதங்களுக்கும் அடிப்படைத் தொகை ஒன்றல்ல. 18 சதவீதம் அசலின் மீது அல்ல, கட்டணம், வட்டி ஆகியவற்றின் மீது. “எதில் சதவீதம்?” என்ற கேள்வியைப் பலகையின் ஓரத்தில் எழுதி அன்று முழுவதும் அழிக்காமல் வைத்திருந்தேன்.

அடுத்து மூன்று குழுக்கள், மூன்று தொகைகள். எளிமைக்காக எல்லோருக்கும் காலம் ஒரு மாதம்.

முதல் குழு, 2,000 ரூபாய்: கட்டணம் 500, அதற்கு ஜி.எஸ்.டி. 90, வட்டி 70, அதற்கு ஜி.எஸ்.டி. 12.60. மொத்தம் 672.60 ரூபாய்.

இரண்டாம் குழு, 10,000 ரூபாய்: கட்டணம் 500, ஜி.எஸ்.டி. 90, வட்டி 350, ஜி.எஸ்.டி. 63. மொத்தம் 1,003 ரூபாய்.

மூன்றாம் குழு, 20,000 ரூபாய்: கட்டணம் 500, ஜி.எஸ்.டி. 90, வட்டி 700, ஜி.எஸ்.டி. 126. மொத்தம் 1,416 ரூபாய்.

இரண்டாம் குழுவில் சிலர் கட்டணத்தை 250 என்று எழுதியிருந்தார்கள். ‘எது அதிகமோ அது’ என்ற சொற்களை மறுபடி வாசிக்கச் சொன்னதும் தாங்களே திருத்திக்கொண்டார்கள்.

மொத்தச் செலவை எடுத்த தொகையின் சதவீதமாக மாற்றச் சொன்னேன். 20,000-க்கு 7.08%, 10,000-க்கு 10.03%, 2,000-க்கு 33.63%. குறைவாக எடுத்தவருக்குச் சுமை அதிகம். காரணத்தை மாணவர்களே கண்டுபிடித்தார்கள்: 500 ரூபாய் என்ற குறைந்தபட்சக் கட்டணம் தொகைக்கேற்பக் குறைவதில்லை.

“பத்து நாளில் கட்டிவிட்டால்?” என்று ஒருவன் கேட்டான். 10,000 × 42/100 × 10/365 என்று போட்டால் வட்டி 115.07 ரூபாய், ஜி.எஸ்.டி. 20.71. கட்டணத்தையும் அதன் வரியையும் சேர்த்தால் ஏறத்தாழ 726 ரூபாய். சீக்கிரம் கட்டினால் வட்டி குறைகிறது. கட்டணம் அப்படியே நிற்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, ஆண்டுக்கு 12% வட்டியில் 10,000 ரூபாய் நகைக்கடன் என்று வைத்துக் கணக்கிட்டோம். ஒரு மாத வட்டி 100 ரூபாய்.

மூன்றாம் பாடவேளை: குறைந்தபட்சத் தொகை

கணக்குத்தாளில் ‘செலுத்த வேண்டிய மொத்தத் தொகை’, ‘குறைந்தபட்சத் தொகை’ என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது. நானும் சில மாதங்கள் அப்படித்தான் கட்டினேன்; கடன் அடைகிறது என்று நம்பினேன்.

வகுப்பில் அதை எளிமையாக்கினோம். பாக்கி 10,000 ரூபாய். மாதத் தொடக்கத்தில் உள்ள பாக்கியில் 5% கட்டுகிறோம். புதிதாக எதுவும் வாங்கவில்லை. முதல் மாதம் கட்டியது 500 ரூபாய். அதில் வட்டியும் ஜி.எஸ்.டி.யும் 413. அசலில் குறைந்தது 87 ரூபாய் மட்டுமே. பாக்கி 9,913.

இதையே பன்னிரண்டு மாதங்களுக்கு அட்டவணையாக நிரப்பினார்கள். கட்டியது மொத்தம் சுமார் 5,720 ரூபாய். குறைந்த அசல் சுமார் 996 ரூபாய். ஆண்டு முடிவில் இன்னும் 9,004 ரூபாய் பாக்கி. கடைசி வரியை எழுதி முடித்த மாணவி, “சார், இது எப்போ சார் முடியும்?” என்று கேட்டாள். சில மாதங்களுக்கு முன் நானும் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அது.

பாக்கி நிற்கும்போது இன்னொரு இழப்பும் உண்டு. அந்த அட்டையில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. மளிகைக்குக்கூட முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

மாணவர்கள் வந்தடைந்த மூன்று கேள்விகள்

ஒரு மாணவன் தண்டலை நினைவூட்டினான். 10,000 கடன் என்பார்கள், 9,000 கையில் தருவார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். தண்டலில் முன்னதாகவே பிடித்துக்கொள்கிறார்கள். அட்டையில் பிறகு கணக்கில் சேர்க்கிறார்கள். சொல்லப்படும் வட்டி வீதம் மட்டுமே கடனின் விலை ஆகாது என்பது இரண்டுக்கும் பொது. இந்த உரையாடலிலிருந்து மாணவர்கள் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டார்கள்:

கையில் வருவது எவ்வளவு?
திருப்பித் தருவது மொத்தம் எவ்வளவு?
எத்தனை நாளில்?

எந்தக் கடனையும் இந்த மூன்றால் அளந்துவிடலாம்.

வகுப்பில் நான் செய்த தவறு

முதல் நாள் ஆர்வத்தில், “யார் வீட்டில் வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள்?” என்று கேட்டுவிட்டேன். ஒரு மாணவன் தலையைக் குனிந்தவன் அந்தப் பாடவேளை முடியும்வரை நிமிரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. குழந்தைகளின் வீட்டுக் கடன் வகுப்பறைக்கு வர வேண்டியதில்லை. மறுநாள் என் கணக்குத்தாளை எடுத்துவந்து, “இது சார் வாங்கிய கடன்” என்று சொல்லித் தொடங்கியதும் வகுப்பு இயல்பானது. சொந்த அனுபவம் சொல்ல விரும்பாதவர்கள் ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்தே பாடத்தை நடத்தலாம்.

நமக்கும் சேர்த்து

மாதச் சம்பளம் வாங்குகிற நம்மிடம் அட்டையை நீட்ட ஆள் வந்துகொண்டே இருக்கும். 2022-இல் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட கடன் அட்டை நெறிமுறைகளின்படி, கேட்காமல் அட்டை வழங்கக் கூடாது. ஆண்டு வட்டி வீதத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும். பாக்கி இல்லாத அட்டையை மூடச் சொன்னால் ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். அட்டையுடன் வரும் மிக முக்கியமான நிபந்தனைகள் என்ற தாளில் ரொக்கம் எடுப்பது பற்றிய பகுதியை மட்டுமாவது ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

மருத்துவமனையோ மருந்துக்கடையோ அட்டையை நேரடியாக ஏற்கும் என்றால் அங்கேயே தேய்ப்பது நல்லது. முந்தைய பாக்கி இல்லாமல், கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டினால் வட்டி இல்லை. அன்றிரவு அதைக்கூட நான் கேட்டுப் பார்க்கவில்லை. ரொக்கம்தான் வேண்டும் என்றால் சிக்கன நாணயச் சங்கக் கடனையும் நகைக்கடனையும் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேறு வழியே இல்லாமல் அட்டையில் ரொக்கம் எடுத்தால் கணக்குத்தாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பணம் கைக்கு வந்த அன்றே கட்டிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் வட்டி நாள்தான்.

நான் என் பாக்கியைச் சங்கக் கடன் வாங்கி ஒரே தவணையில் அடைத்தேன். அந்தக் கடனுக்கும் வட்டி உண்டு. ஆனால் இம்முறை கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிப் பார்த்தேன்.